மூடியில் இருந்த எண்

நவம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான், அத்தான், குட்டி மூவரும் சுகம். உன் இருமல் விட்டதா? விடவில்லை என்றால் மருந்துக் கடைக்காரர் சொல்வதைக் கேட்காமல் டாக்டரிடம் போ.

நீ அனுப்பிய ஹீட்டர் பார்சல் திங்கட்கிழமை வந்தது. உன் அத்தான் கோட்டுத் துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து பிரித்தார். மேஜையில் கத்தரியை யாராவது நகர்த்தினாலே முகம் தூக்கிவைத்துக்கொள்கிற மனுஷர், பார்சலைப் பிரிக்க அந்தக் கத்தரியையே எடுத்தார் என்றால் பார்த்துக்கொள்.

ஹீட்டரை அன்றைக்கே மீன்தொட்டியில் மாட்டிவிட்டார். தொட்டி நம் தையல் கடையின் முன் கண்ணாடியை ஒட்டி இருப்பதால் குளிர் நேராக அதில்தான் இறங்கும். போன வருடம் ஆறு மீன்கள் போயின. இந்த முறை எல்லாம் சுறுசுறுப்பாக ஓடுகின்றன. பெரிய ஏஞ்சல் மீனுக்கு அத்தான் "முதலாளி" என்று பெயர் வைத்திருக்கிறார். "ஒரு வேலையும் செய்யாம எல்லாரையும் முறைச்சுப் பாக்குதுல்ல, அதான்" என்கிறார். அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் "எங்க மச்சினன் கையால பாஸ் பண்ணின ஹீட்டர்" என்று ஒரே பீற்றல். பாதிப் பேருக்கு ஹீட்டர் என்றால் என்னவென்றே தெரியாது, தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

மச்சானுக்கு: உன் அக்கா எழுதியதில் பாதி மிகைப்படுத்தல். கத்தரியால் கயிற்றை மட்டும்தான் வெட்டினேன். தண்ணீர் இருபத்தாறு டிகிரியில் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. பிரமாதம். – அத்தான்


நவம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இங்கே நான் நலம். இருமல் போய்விட்டது. குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா, இன்னும் ஓட்டை வாயோடுதான் பாட்டுப் பாடுகிறாளா?

அத்தான் எழுதிய நான்கு வரியை மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இங்கே என் வேலையைப் பிரமாதம் என்று சொல்ல ஒருவருமில்லை. நாள் முழுக்க நானும் தண்ணீர்த் தொட்டியும் மீட்டரும்தான். செய்து முடித்த ஹீட்டர்களைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். கண்ணாடிக் குழாயின் தலையில் இருக்கிற ரப்பர் மூடி வழியாக உள்ளே ஈரம் இறங்குகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். இறங்கவில்லை என்றால் சீட்டில் என் கையெழுத்து. அது இல்லாமல் ஒரு பெட்டிகூட வெளியே போகாது.

ஒரு நல்ல செய்தி. மேற்பார்வையாளர் கூப்பிட்டு, வருகிற மாதங்களில் என்னை நிரந்தரமாக்கப் பெயர் எழுதியிருப்பதாகச் சொன்னார். இன்னொன்று, முன்பு ஒரு முழு நாள் ஊறவைப்போம். குளிர்காலத்து ஆர்டர் குவிந்துகிடப்பதால் அக்டோபரிலிருந்து இரண்டு மணி நேரம் போதும் என்று சொல்லிவிட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே அறைக்கு வந்துவிடுகிறேன். துணி துவைக்க நேரம் கிடைக்கிறது, உனக்கு அதுதானே கவலை!

தம்பி


ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சௌக்கியம்.

சின்ன விஷயம்தான். நான் அனுப்பிய ஹீட்டரின் ரப்பர் மூடியில் ஒரு எண் பொறித்திருக்கும். பொடி எழுத்து, கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அது ஏழில் தொடங்குகிறதா என்று அத்தானைப் பார்க்கச் சொல். ஏழில் தொடங்கினால் அதை எடுத்து வைத்துவிடுங்கள். அதைவிட நல்ல மாடல் வந்திருக்கிறது, மாற்றி அனுப்புகிறேன். அவசரம் ஒன்றுமில்லை.

வேலை அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை, மன்னித்துக்கொள். எல்லோரும் இருக்கிறோம்.

அந்த ஹீட்டர் இப்போது தொட்டியில் இல்லை. குட்டி பந்தைத் தட்டி அது உடைந்துபோயிற்று. ஆகவே நீ மாற்றி அனுப்ப வேண்டாம். முதலாளி செத்துவிட்டது. மற்ற மீன்களைத் தொட்டியோடு தையற்காரர் சங்கத்துக் காவலாளிக்குக் கொடுத்துவிட்டோம். அவருக்கு மீன் என்றால் ஆசை. கடையில் இடமும் அடைசலாக இருந்தது.

குட்டிக்குப் பல் முளைத்துவிட்டது. நிரந்தரமாகிற விஷயம் என்ன ஆயிற்று? அத்தான் தினம் கேட்கிறார்.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்ததும் ஒரு பெரிய மூச்சு விட்டேன். உடைந்ததே நல்லது. குட்டியைத் திட்டியிருந்தால் என் சார்பாக அவளிடம் மன்னிப்புக் கேள்.

நான் இந்த மாதம் முதல் தேதியிலிருந்து நிரந்தரம். எனக்கென்று பூட்டோடு ஓர் அலமாரி கொடுத்திருக்கிறார்கள். உள்ளே வைக்கத்தான் என்னிடம் ஒன்றுமில்லை.

கடிதத்தின் அடியில் அத்தான் எழுதவில்லையே? நான்கு வரி இல்லாமல் உன் கடிதம் வந்ததே கிடையாது. உயிராக வளர்த்த தொட்டியை அவர் எப்படிக் கொடுத்தார்? என்மேல் கோபமா? கோபம் என்றால் அதையாவது எழுதச் சொல்.

தம்பி


மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ நிரந்தரமான செய்தியைக் கேட்டு அத்தான் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். அவருக்கு உன்மேல் கோபமா? உனக்கென்ன கிறுக்கா? கல்யாண சீசன், நிறைய வேலை, உட்கார்ந்து எழுதப் பொழுதில்லை, அவ்வளவுதான்.

உனக்கு ஒரு சட்டை அனுப்பியிருக்கிறேன். நிரந்தரமான மனிதன் பழைய சட்டையில் போகக் கூடாது என்று அத்தான் துணி எடுத்தார். காலர் கொஞ்சம் ஒரு பக்கம் இழுக்கிறது. மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டால் தெரியாது. அடுத்த சட்டை ஒழுங்காக வரும்.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை, இங்கிருந்து நான்கு தெரு தள்ளி ஒரு மழலையர் பள்ளியில் ஒரு டீச்சர் இறந்துபோனார். வகுப்பறை மீன்தொட்டியில் மிதந்த பொம்மையை எடுக்கக் கையை விட்டிருக்கிறார். பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் இருந்தார்கள். திரும்பி வந்தவர்கள் டீச்சர் தூங்குகிறார் என்று நினைத்துச் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயா வந்து பார்க்கிறவரை அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள் அக்கா.

தொட்டியில் இருந்தது எங்கள் ஹீட்டர். மூடியில் இருந்த எண் ஏழில் தொடங்குகிறது. சீட்டில் என் கையெழுத்து.

இனி நான் சொல்லாததைச் சொல்கிறேன். அக்டோபரில் மூடிக்கு வேறு ரப்பர் வந்தது, ஏழில் தொடங்குகிற எண் அந்த மூடிகளுக்குத்தான். சூட்டில் அது இறுகி, குழாயை விட்டு மயிரிழை விலகிவிடும். இரண்டு மணி நேரத்தில் அது தெரியாது. ஒரு நாள் ஊறினால் தெரியும். டிசம்பர் கடைசியில், சந்தேகப்பட்டு நானாகவே பத்து ஹீட்டர்களை ஒரு நாள் ஊறவைத்தேன். மூன்றில் உள்ளே ஈரம். தண்ணீரில் மின்சாரம். மேற்பார்வையாளரிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "பத்துல மூணு ஒரு கணக்கா? உன் பேரு மேலிடத்துல இருக்குற நேரம் பாத்தா இதைக் கிளப்புவ? போயி வேலையப் பாரு" என்றார். நான் போய் வேலையைப் பார்த்தேன். அதன் பிறகும் கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரியில் உனக்கு "சின்ன விஷயம்" என்று எழுதினேனே, அதை எழுதிய மேஜையில்தான் போன் இருந்தது. உங்கள் பக்கத்துக் கடை நம்பர் எனக்கு மனப்பாடம். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள் என்று போனைத் தொடவில்லை. கடிதத்திலாவது ஆபத்து என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதினால் அது என் கையெழுத்தில் இருக்குமே என்று பயந்தேன்.

நேற்று நிர்வாகத்தில் எல்லோரையும் கூட்டி, "இது ஒரே ஒரு கேஸ். ஸ்கூல்காரங்க சரியா மாட்டல. யாரும் வாயத் திறக்காதீங்க" என்றார்கள்.

அக்கா, இரண்டு கேள்விகள். குட்டி பந்து அடித்துத்தான் ஹீட்டர் உடைந்ததா? நீ அனுப்பிய சட்டையை இன்றைக்குத்தான் போட்டுப் பார்த்தேன். இருபது வருடமாக அத்தான் வெட்டின சட்டையைப் போடுகிறவன் நான். அந்தக் காலரை வெட்டியது யார்?

தம்பி


ஏப்ரல் 17

அன்புள்ள தம்பிக்கு,

நான்தான் வெட்டினேன்.

குட்டிமேல் பழி போட்டதற்கு அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவளுக்கு என்னவென்று புரியவில்லை. ஒரு மிட்டாய்க்கு ஒத்துக்கொண்டாள்.

ஜனவரி நடுவில் ஒரு நாள் மத்தியானம். அத்தான் தொட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஒரு கை தண்ணீரில், இன்னொரு கை இஸ்திரி மேஜையின் இரும்புச் சட்டத்தில். நான் காஜா போட்டுக்கொண்டிருந்தேன். ஊசியில் நூல் கோக்க நிமிர்ந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ வேடிக்கை செய்கிறார் என்று சிரித்தேன். தம்பி, நான் சிரித்தேன். அவரால் கூப்பிட முடியவில்லை, கையை விடவும் முடியவில்லை. உதடு நீலமாகிறதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பாய்ந்து போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

பிடி இறுகி, குழாய் உள்ளங்கையிலேயே நொறுங்கிவிட்டது. கண்ணாடி நரம்பை அறுத்துவிட்டது. இரண்டு முறை ஆபரேஷன் ஆயிற்று. வலது கையில் கட்டைவிரலும் அதற்கு அடுத்த இரண்டு விரலும் மடங்குவதில்லை. டம்ளர் பிடிக்கிறார், கத்தரி பிடிக்க முடியாது. பேனாவும் அப்படித்தான். இப்போது அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் வெட்டுகிறேன். முதல் மாதம் நான் பாழாக்கிய துணியில் ஒரு குடும்பத்துக்கே உடுப்புத் தைக்கலாம். ஒரு தடவைகூட அவர் குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அவன்கிட்ட சொல்லிடாத. நிரந்தரம் ஆகுற நேரம். இதையே நெனச்சு உருகிப் போயிடுவான்." நானும் சரி என்றேன். நமக்கு வந்தது நம்மோடு போகட்டும் என்றுதான் இருவரும் நினைத்தோம். ஊரெல்லாம் எத்தனை வீட்டில் அந்த ஹீட்டர் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. உனக்குத் தோன்றியிருக்கும்.

நீ டிசம்பரில் வாயைத் திறந்திருந்தால் இவர் கை பிழைத்திருக்கும். நான் ஜனவரியில் திறந்திருந்தால் அந்த டீச்சர் இருந்திருப்பார். உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து இந்த இரண்டு வாக்கியத்தையும் மனதில் வைத்துக்கொண்டு சமைக்கிறேன், துவைக்கிறேன். தனியாகச் சுமக்க முடியவில்லை.

நொறுங்கியதில் மூடி மட்டும் முழுதாக இருக்கிறது. துணியில் சுற்றிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அதை யாரிடம் கொடுக்க வேண்டுமோ அவரிடம் கொடு. உன் மேற்பார்வையாளரிடம் மட்டும் கொடுக்காதே.

அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கு விரல் பயிற்சி நடக்கிறதா? குட்டி பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாளா?

மூடி கிடைத்த அன்றே மின்பொருள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். அந்த அதிகாரி அம்மாள் மூடியைத் தன் மேஜையில் வைத்து, பூதக்கண்ணாடியில் எண்ணைப் படித்தார். பள்ளிக்கூடத்து மூடியைப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே தொகுப்பில் செய்தவை. "ஒண்ணுன்னா தற்செயல்னு சொல்லிடுவாங்க. ரெண்டாச்சே, இப்ப என்ன சொல்றாங்கன்னு பாப்போம்" என்றார். நான் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

விசாரணை போன வாரம் நடந்தது. என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். என்மேலும் மேற்பார்வையாளர்மேலும் வழக்கு வரும். வரட்டும். ஏழில் தொடங்குகிற எல்லா ஹீட்டரையும் திரும்பப் பெற போன மாதத் தொடக்கத்திலேயே உத்தரவு போட்டாயிற்று. எல்லாப் பத்திரிகையிலும் அறிவிப்பு வந்தது, மீன் விற்கிற கடைகளிலெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். தொட்டியில் கை விடுவதற்கு முன்பு பிளக்கைப் பிடுங்கவும் என்று கொட்டை எழுத்தில் முதல் வரி. பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டன. மீதி எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை.

அக்கா, அத்தான் அங்கே அதிகாரியிடம் சொல்லி எழுதவைத்த வாக்குமூலத்தை விசாரணையில் சத்தமாகப் படித்தார்கள். "ஜனவரி பதின்மூன்றாம் தேதி மைத்துனரின் கடிதம் வந்தது. ஹீட்டர் மூடியில் இருக்கும் எண்ணைப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தார். எண் சரியாகத் தெரியாததால் கையை விட்டு வெளியே எடுக்கப் பார்த்தேன்."

சுத்தம் செய்துகொண்டிருந்தார் என்று நீ எழுதினாய்.

நான்தான் பார்க்கச் சொன்னேன். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று எழுதியவன் நான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார் என்று எழுதவில்லை. எழுதினால் ஏன் என்று நீ கேட்பாய் என்று எழுதவில்லை. நாற்பது பேர் இருந்த அந்த அறையில் நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தபோது வராந்தாவில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்தார். அந்த டீச்சரின் அப்பா. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவராம். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"தம்பி, நீங்கதான அந்த வேலை பாத்தவரு? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எம் பொண்ணுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?" என்று கேட்டார்.

எனக்கு மீட்டரில் வருகிற எண்தான் தெரியும் அக்கா. இல்லை என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. இதமாக ஒரு பொய். அப்படி ஒன்றைச் சொல்லித்தானே இவ்வளவும் ஆயிற்று என்று நின்றுவிட்டேன். "எனக்குத் தெரியாதுங்க. எங்க அத்தானுக்குத் தெரியும். கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவர் ஒரு காகிதத்தில் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கேட்கிறேன். அத்தானுக்கு விருப்பமில்லை என்றால் விட்டுவிடு.

தம்பி


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். அத்தானுக்கு நடுவிரல் கால்வாசி மடங்குகிறது. டாக்டருக்குச் சந்தோஷம், எங்களுக்கும்.

வாக்குமூலத்தில் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு முன்பே தெரியும். அதை மட்டும் உனக்குத் தெரியாமல் வைத்துவிடலாம் என்று பார்த்தேன். உன் ஜனவரிக் கடிதத்தை, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே அடுப்பில் போட்டவள் நான். "அந்த ஒரு வரிய விட்டுடுங்களேன்"னு இவரிடம் கெஞ்சினேன். "விட்டா அது வாக்குமூலம் இல்ல" என்று சொல்லிவிட்டார். அவர் செய்ததுதான் சரி. ஆனாலும் அந்த அறையில் நீ தனியாக உட்கார்ந்திருந்தாய் என்பதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். பெரியவர் கேட்ட இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். எழுந்து போய்க் கடை வாசலில் நின்றார். வெளியே ரோடு போடுகிற வேலை நடக்கிறது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் ஆயிற்று. ஐந்து மாதமாக அந்த மத்தியானத்தைப் பற்றி நாங்கள் பேசினதே இல்லை.

திரும்பி வந்து, "வலி ஒரு நொடிதான். அப்புறம் வலி இல்ல. சத்தம் எல்லாம் கேட்டுச்சு. வெளியில சைக்கிள் மணி அடிச்சுது. நீ சிரிச்சது தெரிஞ்சுது. ஆளு இருக்காங்கன்னு ஒரு தைரியம் இருந்துச்சு" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு தனியா இருந்துச்சு இல்ல?" என்றார்.

நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்து நான் எத்தனை நாள் என்னையே அடித்துக்கொண்டிருக்கிறேன், அது உனக்குத் தெரியாது.

"இத அப்படியே தம்பிக்கு எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். அந்தப் பெரியவருக்கு இத இன்னொருத்தர் படிச்சுக் காட்டக் கூடாது. நானே போறேன். அவர் எதிர்ல உக்காந்து சொல்றேன். முதல்ல வலிச்சுதுன்னும் சொல்றேன், அப்புறம் வலிக்கலன்னும் சொல்றேன். அவர் இன்னும் என்ன கேட்டாலும் சொல்றேன். மைதானத்துல பிள்ளைங்க கத்துன சத்தம் அந்தப் பொண்ணு காதுல விழுந்திருக்கும். அதையும் சொல்லணும்" என்றார்.

கடையை இரண்டு நாள் மூடுகிறோம். குட்டியும் வருகிறாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்தே முக்கால் வண்டியில் அங்கே வந்து இறங்குவோம். இந்த முறை நான் போன் செய்து சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், பக்கத்துக் கடைக்காரர் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை.

ஸ்டேஷனுக்கு வா. அவரைப் பார்த்ததும் அந்தக் கையைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்யாதே, அது அவருக்குப் பிடிக்காது. நன்றாகப் பார். பிறகு மூவருமாக அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போவோம். குட்டியை யாரிடமாவது விட வேண்டும், ஒரு நல்ல ஆளாகப் பார்த்து வை.

அக்கா